யாருடைய தொண்டைக்கு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் ஓர் ஆங்கிலப் படத்தில் கிளென் கேம்ப்பெல் பாடிய ‘சதர்ன் நைட்ஸ்’ என்ற பாடலைக் கேட்டேன். தேடிப் பார்த்தபோதுதான் அதை எழுதியவர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைச் சேர்ந்த ஆலன் டூசான்ட் என்று தெரிந்தது. ‘மதர்-இன்-லா’, ‘லேடி மார்மலேட்’, ரோலிங் ஸ்டோன்ஸ் பாடிய ‘ஃபார்ச்சூன் டெல்லர்’ எல்லாமே அவர் எழுதியவைதானாம். பாவம், பாடியவர்கள் புகழ் பெற்றார்கள், அவரை யாருக்கும் தெரியவில்லை. பாவம், சில பாடல்களில் அவர் பெயர்கூட இல்லை, நவோமி நெவில் என்று ஏதோ ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. அது ஏன்? நானும் பத்து ஆண்டுகளாக மெட்டமைக்கிறேன். லேப்டாப்பில் நாற்பது மெட்டுகள் இருக்கின்றன. எனக்குக் குரல் இல்லை. வேறொருவர் பாடிப் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்ற பயத்தில் யாருக்கும் கொடுக்கவில்லை. நான் சென்னைக்கு வந்து முயலலாமா, அல்லது ஊரிலேயே இருந்துவிடலாமா?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் டூசான்ட்டின் 1960களின் பதிவுகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். இல்லையென்றால் இதற்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் ஒரு திருத்தம். ‘லேடி மார்மலேட்’ அவர் எழுதிய பாடல் அல்ல. அதை எழுதியவர்கள் பாப் க்ரூவும் கென்னி நோலனும். லபெல் என்ற பாடகியர் குழுவினரை நியூ ஆர்லியன்ஸில் இருந்த தன் ஸ்டூடியோவுக்கு வரவழைத்து 1974இல் அதைப் பதிவு செய்து, அடுத்த ஆண்டு அது முதலிடத்துக்குப் போகும்படி உருவாக்கிக் கொடுத்தவர்தான் டூசான்ட். நம் ஊரில் ‘புரொடியூசர்’ என்றால் பணம் போடுபவர் என்று பொருள். இசைத்தட்டுத் துறையில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. எந்தப் பாடலை யார் பாடுவது, எந்த வேகத்தில், எந்தச் சுருதியில், எந்த வாத்தியம் எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்பவர் அவர். பத்து ஆண்டுகளாக மெட்டமைப்பதாகச் சொல்லும் ஒருவர் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல், தேடியதும் கண்ணில் பட்ட முதல் வரியை எடுத்து எழுதி அனுப்புவது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

அவரை யாருக்கும் தெரியாது என்பதும் தவறு. 1998இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார், 2013இல் ஒபாமாவின் கையால் தேசியக் கலைப் பதக்கம் பெற்றார், நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் ரோல்ஸ் ராய்ஸில் போனார். மற்றவற்றை நீங்களே தேடிக்கொள்ளலாம்.

என்னை உட்கார வைத்து எழுதச் செய்தது உங்கள் கடிதத்தில் இரண்டு முறை வரும் ‘பாவம்’ என்ற சொல். அதற்குள் ஒளிந்திருக்கும் எண்ணம் இதுதான்: பாடல் என்பது எழுதியவருடைய பெட்டிக்குள் முழுதாக இருந்த ஒரு பொருள், பாடியவர் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டூசான்ட்டின் பாடல்கள் எப்படிப் பிறந்தன என்று ஒரு நாழிகை படித்திருந்தால் இந்த எண்ணம் உங்களுக்கு வந்திருக்காது.

1960இல், நியூ ஆர்லியன்ஸில் புதிதாக முளைத்திருந்த மினிட் என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனத்தில் குரல் தேர்வுக்கு வந்தவர்களுக்குப் பியானோ வாசிக்கப் போனவர் டூசான்ட். அப்போது அவருக்கு 22 வயது. அங்கேயே இசைப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. ஆனால் உண்மையான வேலை நடந்த இடம் கெர்ட் டவுன் என்ற எளிய பகுதியில் இருந்த அவருடைய பெற்றோரின் வீடு. அதன் முன்னறையில் ஒரு பியானோ. அங்கே பாடகர்கள் வருவார்கள்: இர்மா தாமஸ் வருவார், ஏரன் நெவில் வருவார், எர்னி கே-டோ வருவார், பென்னி ஸ்பெல்மன் வருவார். வந்தவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அவர் குரல் எங்கே ஏறுகிறது, எங்கே பிசிறடிக்கிறது, எந்த எழுத்தில் இனிக்கிறது என்று கேட்டபடியே பாடலை எழுதுவார். ஒருவருக்கான பாடலுக்கு மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். பிறகு எல்லோரும் கிளம்பிக் கோசிமோ மட்டாஸாவின் ஸ்டூடியோவுக்குப் போய்ப் பதிவு செய்துவிட்டு வருவார்கள்.

‘மதர்-இன்-லா’வின் கதையைப் பாருங்கள். கே-டோவுக்காக எழுதிய பாடல்களில் அதுவும் ஒன்று. கே-டோ பாடத் தொடங்கியதும் தேவாலயப் பிரசங்கி போல உச்சக் குரலில் கத்தித் தீர்த்திருக்கிறார். சத்தம் பொறுக்காத டூசான்ட், இது இவருக்கு ஒத்துவராது என்று தாளைக் கசக்கிக் குப்பைக் கூடையில் எறிந்துவிட்டார். பின்பாட்டுக்காரர்களில் ஒருவரான வில்லி ஹார்ப்பர் அதை எடுத்துப் பிரித்து, கே-டோவிடம் கொஞ்சம் அடங்கிப் பாடச் சொல்லியிருக்கிறார். (குப்பையிலிருந்து எடுத்தது தானேதான் என்று கே-டோ சொல்லிவந்தார். அவர் அப்படித்தான் சொல்வார்.) அடங்கிப் பாடியபோது அந்தக் குரலில் ஓர் இளக்காரமும் ஒரு புலம்பலும் சேர்ந்து வந்தன, மாமியாரிடம் மாட்டிக்கொண்ட மருமகனுக்கு வேண்டியது அதுதான். ‘மதர்-இன்-லா’ என்ற சொல்லை மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத் தாழ்ந்த குரலில் திரும்பத் திரும்பச் சொல்ல ஸ்பெல்மன் இருந்தார். 1961இல் அந்தப் பாடல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கூடையிலேயே கிடந்திருந்தால் அது யாருடைய பாடல்? எழுதியவருடையதா? கூடையில் கிடப்பது தாள். அதைப் பாடலாக்கியதில் கத்தியவருக்குப் பங்கு உண்டு, கத்தாதே என்றவருக்குப் பங்கு உண்டு, ஒரே சொல்லை உருட்டிக்கொண்டு பின்னால் நின்றவருக்கும் பங்கு உண்டு.

இன்னும் கேளுங்கள். அந்த வெற்றிக்குத் தன் தாழ்குரலே காரணம் என்று நம்பிய ஸ்பெல்மன், எனக்கும் ஒரு பாட்டு எழுதிக் கொடு என்று டூசான்ட்டை நச்சரித்துத் தள்ளிவிட்டார். அந்த நச்சரிப்பில் 1962இல் வந்ததுதான் ‘லிப்ஸ்டிக் ட்ரேசஸ்’. அந்த இசைத்தட்டின் மறுபக்கத்தில் இருந்தது, நீங்கள் பாவம் பார்க்கும் அதே ‘ஃபார்ச்சூன் டெல்லர்’. ஸ்பெல்மன் வந்து படுத்தாமல் இருந்திருந்தால் ரோலிங் ஸ்டோன்ஸ் எடுத்துக்கொண்டு போவதற்கு அங்கே ஒன்றுமே இருந்திருக்காது.

பாடகர் லீ டார்சியின் கதையும் இப்படித்தான். முன்னாள் குத்துச்சண்டை வீரரான அவர், பாட்டு வெற்றி பெற்ற காலத்திலும் கார்களுக்கு டிங்கரிங் வேலை பார்ப்பதை விடாதவர். அவருடைய குரலில் ஒரு சிரிப்பு எப்போதும் உண்டு. 1966இல் அவருக்காக டூசான்ட் எழுதியது ‘வர்க்கிங் இன் த கோல் மைன்’. எழுதியவரும் நிலக்கரிச் சுரங்கத்தைப் பார்த்ததில்லை, பாடியவரும் பார்த்ததில்லை. ஆனால் இரும்பைத் தட்டும் ஓசை ஒன்று பாட்டு முழுக்க வருகிறது, பகல் முழுவதும் தகரம் தட்டிய ஒருவர் உடல் ஓய்ந்துபோன குரலிலும் சிரிப்பை விடாமல் அதன்மேல் பாடுகிறார். அந்தப் பாட்டை வேறு யார் பாடினாலும் அது சுரங்கத்தைப் பற்றிய பாட்டாகத்தான் இருக்கும்.

என் தாய்மாமா புதுக்கோட்டைப் பக்கத்து நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒரு கோயில் திருவிழாவில் வள்ளி திருமணம். ராஜபார்ட்டுக்காரருக்கு முந்தைய இரவு ஆட்டத்திலேயே தொண்டை கட்டியிருந்தது. ஐந்து கட்டைச் சுருதியில் தொடங்கிய மனிதர் மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் திணறினார். மாமா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வசனத்துக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையில் ஏதோ வாசிப்பது போல விரலை இறக்கி நான்கு கட்டைக்கு வந்துவிட்டார். பழைய சுருதிக்குச் சேர்த்து வைத்திருந்த மிருதங்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு மிருதங்கக்காரர் முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. ராஜபார்ட் பாடினார், கூட்டம் விசிலடித்தது, யாரோ மேடையேறிப் பத்து ரூபாய்த் தாளை அவர் சட்டையில் குத்தினார்கள். விடிகாலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, உங்கள் கச்சேரிக்கு அவருக்குப் பணமா என்று நான் மாமாவிடம் பொருமினேன். “அவன் தொண்டை போச்சுன்னு ஒரு பயலுக்கும் தெரியாமப் பண்ணியாச்சுல்ல, போடா” என்று சொல்லிவிட்டு இன்னொரு டீ சொன்னார். மாமா துறவி அல்ல. நோட்டீஸில் தன் படம் சின்னதாக வந்தால் அச்சகத்துக்கே போய்ச் சண்டை போடுவார். ஆனால் அன்றைய பாட்டு தன்னுடையதா, ராஜபார்ட்டுடையதா என்ற கணக்கு அவருக்கு விளங்கியிருக்காது. எனக்கு விளங்கியது. இப்போது உங்களுக்கும் விளங்குகிறது. நாம் இருவருமே இன்னொருவர் பாட வாத்தியம் வாசிக்காதவர்கள்.

நவோமி நெவில் ஏதோ ஒரு பெண் அல்ல. டூசான்ட்டின் தாய். பாடல் வெளியீட்டு ஒப்பந்தச் சிக்கலுக்காக ஒரு புனைபெயர் தேவைப்பட்டபோது தாயின் பிறந்த வீட்டுப் பெயரை வைத்துக்கொண்டார். ஏரன் நெவில் குடும்பத்துக்கும் அதற்கும் உறவில்லை. ஒப்பந்த விவரம் எனக்கு முக்கியமாகப் படவில்லை. அந்த முன்னறை அந்த அம்மாவின் வீடு. ஊரில் பாடுகிறவர்கள் எல்லாரும் நேரம் காலம் பாராமல் வந்து போவதை அவர் பொறுத்துக்கொண்டார். இசைத்தட்டின் வட்டச் சீட்டில் அடைப்புக்குறிக்குள் அவர் பெயர் அச்சாகியிருப்பது வெறும் ஏமாற்று வேலையாக எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் ‘சதர்ன் நைட்ஸ்’ ஒன்றுதான் என் வாதத்துக்குக் கொஞ்சம் இடிக்கிறது. அது பிறர் தொண்டைக்காக எழுதப்பட்டதல்ல. இரண்டு வாரத்தில் இறந்துவிடுவோம் என்று தெரிந்தால் என்ன எழுதுவாய் என்று நண்பர் வான் டைக் பார்க்ஸ் கேட்டதன் பேரில், சிறுவயதில் லூசியானா நாட்டுப்புறத்து உறவினர் வீடுகளின் திண்ணையில், விளக்கில்லாத இரவுகளில் பெரியவர்களின் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருந்ததை நினைத்து எழுதினார். 1975இல் வந்த அவருடைய பதிவில், சுழலும் ஒலிபெருக்கி வழியாகச் செலுத்தப்பட்ட அவர் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போலக் கலங்கி ஒலிக்கும். அது அதிகம் விற்கவில்லை. 1977இல் கேம்ப்பெல் அதைத் துள்ளலாகப் பாடி முதலிடத்துக்குக் கொண்டுபோனார். அதற்காக டூசான்ட் வருந்தியதாக நான் எங்கும் படித்ததில்லை.

2005இல் கத்ரினா புயல் வந்து அவர் வீடும் ஸ்டூடியோவும் நீரில் மூழ்கின. 67 வயதில் நியூயார்க்குக்குப் போய், அதுவரை பெரிதும் தவிர்த்து வந்த மேடையில் தனியாகப் பியானோவுடன் உட்கார்ந்தார். அங்கே ‘சதர்ன் நைட்ஸ்’ வரும்போது பாட்டை நிறுத்திவிட்டு அந்தத் திண்ணையையும் அந்தக் கிழவர்களையும் பற்றி நெடுநேரம் கதை சொல்வார். அந்தப் பதிவு கிடைக்கிறது, கேளுங்கள். 2015 நவம்பரில் மாட்ரிட்டில் ஒரு கச்சேரியை முடித்த இரவில் இறந்தார். வயது 77.

சென்னைக்கு வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். நாற்பது மெட்டுகள் என்று எண்ணி எழுதிய நீங்கள், உங்கள் தெருவில் பாடக்கூடியவர்கள் யார் யார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அதை எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.