சுகாதார நிலைய நிதியில் ‘பயன்பாட்டுச் சான்றிதழ்’ என்றால் என்ன?

எந்த வேலைக்காக மானியம் வந்ததோ அந்த வேலைக்கே செலவானது என்று, பணம் பெற்ற அமைப்பு எழுதித் தரும் உறுதிதான் பயன்பாட்டுச் சான்றிதழ்.

இந்தியாவில் தேசிய நலவாழ்வுத் திட்டச் செலவைப் பெரும்பாலான மாநிலங்களில் ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 எனப் பகிர்கின்றன. செலவிடும் பொறுப்போ மாநில நலவாழ்வுச் சங்கம், மாவட்டச் சங்கம், ஆரம்ப சுகாதார நிலையம் எனக் கீழே இறங்குகிறது. பணம் தருபவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் செலவு நடப்பதால், கணக்கு அதே படிகளில் மேலே ஏறியாக வேண்டும்.

ஊர்த் திருவிழாவில் போன வருட வரவுசெலவை வாசித்த பிறகுதானே இந்த வருட வரி கேட்பார்கள்? அப்படித்தான் இதுவும். கீழ்நிலைக் கணக்குகள் தேங்கினால் மாவட்டக் கணக்கு முடியாது. அடுத்த தவணையும் தள்ளிப்போகலாம். கணக்கைக் கிடப்பில் போட்டவரைவிட, புறநோயாளிப் பிரிவில் வரிசையில் நிற்பவர்தான் அதனால் அதிகம் பாதிக்கப்படுகிறார். இந்த முறையின் பெருங்குறை இது என்றே நினைக்கிறேன்.

சான்றிதழ் தந்துவிட்டால் தணிக்கை முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அது செலவழித்த தரப்பின் கூற்று மட்டுமே, இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் ஆய்வு தனியானது, மாநிலக் கணக்குகள் பற்றிய அவரது அறிக்கை அரசியலமைப்பின் 151-ஆவது பிரிவின்படி ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்கு வருகிறது.