நூலகத்தில் விக்கி: கேளுங்கள், சொல்கிறேன்

பொது நூலகங்களில் விக்கித் தளங்களை அமைத்து நடத்தும் நூலகர் ஒருவர், உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கிளை நூலகர்: மேடம், எங்கள் நூலகத்துக்கு ஏற்கெனவே இணையதளம் இருக்கிறது. அப்புறம் விக்கி எதற்கு?

தளத்தில் போட்டிருக்கும் ஓர் உதவி மையத்தின் தொலைபேசி எண் மாறிவிட்டது என்று வையுங்கள். தலைமை அலுவலகத்துக்கு எழுதி, தளத்தைப் பராமரிப்பவர் கைக்குப் போய், திருத்தம் வர எத்தனை நாள் ஆகும்? விக்கியில் தவறைப் பார்த்த ஊழியரே 'தொகு' என்பதை அழுத்திச் சரிசெய்துவிடலாம். 1995இல் வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்க நிரலாளர் முதல் விக்கியைத் தொடங்கியதிலிருந்து இதுதான் அதன் உயிர்நாடி: படிக்கிறவரே எழுதவும் முடியும்.

திறக்கும் நேரம், விடுமுறை அறிவிப்பு எல்லாம் இணையதளத்திலேயே இருக்கட்டும். உங்கள் மேசைக்கு வந்து மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை விக்கிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் அவற்றை நோட்டில் குறித்து வாருங்கள். வேலை விண்ணப்பம் எழுதுவது எப்படி, முதியோர் உதவிக்கு என்னென்ன சான்றிதழ்கள் வேண்டும், குழந்தைக்குப் பேச்சு வரத் தாமதமானால் யாரைப் பார்ப்பது... ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். அதில் சுருக்கமான பதில், போக வேண்டிய அலுவலகம், நம் அலமாரியில் இருக்கும் புத்தகங்கள். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் செயின்ட் ஜோசப் கவுண்டி பொது நூலகம் 2000களிலேயே தன் பாடவாரி வழிகாட்டிகளை விக்கியில்தான் அமைத்தது.

தன்னார்வலர்: அக்கா, பெரியவர்களிடம் கேட்டு எங்கள் ஊரின் பழைய ஆலையைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதினேன். சான்று இல்லை என்று நீக்கிவிட்டார்கள். மனசே விட்டுப்போச்சு.

உங்கள் உழைப்பு வீண் இல்லை, தம்பி. அதற்கான இடம்தான் வேறு. நம்பகமான இடத்தில் ஏற்கெனவே வெளியானதை, சரிபார்க்க முடிந்ததை மட்டுமே விக்கிப்பீடியா ஏற்கும். உலகம் முழுக்கப் படிக்கிற கலைக்களஞ்சியத்துக்கு அந்த விதி தேவைதான். ஆனால் எங்கும் வெளியாகாத நினைவுகள் அதனால் வெளியே நின்றுவிடுகின்றன. அவற்றுக்கு இடம் கொடுப்பதுதான் ஒரு பொது நூலகத்தின் விக்கி செய்யக்கூடிய ஆகப் பெரிய வேலை என்று நான் நினைக்கிறேன். கலிபோர்னியாவின் டேவிஸ் நகரத்து மக்கள் 2004இல் தொடங்கிய டேவிஸ் விக்கியைப் பாருங்கள். தெரு, கடை, மரம், மனிதர் என்று ஊரையே அதில் எழுதி வைத்தார்கள்.

ஆனால் நம் விக்கியிலும் ஒழுங்கு வேண்டும். சொன்னவர் யார், எந்த நாளில் பதிவுசெய்தோம், வெளியிடச் சம்மதித்தாரா என்ற மூன்றும் பக்கத்தின் தலையிலேயே இருக்கட்டும். ஆலை மூடியதற்கு ஒருவர் ஒரு காரணமும் இன்னொருவர் வேறு காரணமும் சொன்னால் இரண்டையும் அவரவர் பெயரோடு போடுங்கள். தீர்ப்பு சொல்வது நம் வேலை இல்லை. உயிரோடு இருப்பவர்களின் குடும்ப விவகாரம், நோய், கடன் இவை வந்தால் வெளியிடாதீர்கள்.

அப்புறம் அந்த ஆலையைப் பற்றிப் பழைய செய்தித்தாளிலோ அரசு அறிக்கையிலோ ஏதாவது வந்திருக்கிறதா என்று நூலகரோடு உட்கார்ந்து தேடுங்கள். கிடைத்தால் அந்தச் சான்றோடு விக்கிப்பீடியாவுக்கே திரும்பப் போகலாம்.

புகைப்படம் சேகரிப்பவர்: என்னிடமுள்ள பழைய படங்களை நூலகத்துக்குக் கொடுத்தால் இணையத்தில் போட்டுவிடலாமா?

படத்தின் பிரதி உங்களுடையது என்பதால் காப்புரிமையும் உங்களுடையது ஆகிவிடாது. பொதுவாக அது எடுத்தவருக்கோ அவர் வாரிசுகளுக்கோ உரியது. அதைத் தெளிவுபடுத்திக்கொண்டு, தடையில்லாதவற்றை, எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படங்களின் இணையக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினால் உலகமே பயன்படுத்தும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில நூலகம் 2010இல் சுமார் 50,000 படங்களை அங்கே கொடுத்தது.

நூலகக் குழு உறுப்பினர்: யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் கண்டதையும் எழுதிவைக்க மாட்டார்களா?

நீங்கள் பயப்படுகிற குறும்புக்காரர்கள் குறைவு. விளம்பரங்களைக் கொட்டும் தானியங்கி நிரல்கள்தான் உண்மையான தொல்லை. கணக்கு தொடங்க நூலக ஊழியரின் ஒப்புதல் வேண்டும் என்று வைத்தாலே பெரும்பாலும் நின்றுவிடும். சட்டம், உடல்நலம் பற்றிய பக்கங்களை ஊழியர்கள் மட்டும் தொகுக்கட்டும். அவற்றோடு இணைந்த, கருத்து எழுதுவதற்கான உரையாடல் பக்கம் மட்டும் வாசகர்களுக்குத் திறந்திருக்கட்டும். தினமும் காலையில் 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும். பழைய வடிவம் எல்லாம் பக்கத்தின் வரலாற்றில் சேமிக்கப்பட்டிருப்பதால், யாராவது கெடுத்துவிட்டாலும் உடனே பழைய நிலைக்கு மீட்டுவிடலாம்.

கணினிப் பணியாளர்: எந்த மென்பொருள்?

சிறிய நூலகம் என்றால் டோக்குவிக்கி. தரவுத்தளம் வேண்டாம், எல்லாம் சாதாரண உரைக் கோப்புகள், நகலெடுத்து வைப்பதும் சுலபம். நிறையப் பேர் எழுதுவார்கள், படங்கள் அதிகம் என்றால் மீடியாவிக்கி. இரண்டும் இலவசம்.

மூத்த வாசகர்: எனக்குத் தட்டச்சு வராதம்மா. என்னால் என்ன செய்ய முடியும்?

உங்களிடம் இருப்பதுதான் ஐயா எங்களுக்கு வேண்டும். நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் எழுதுகிறோம். தாளில் எழுதித் தந்தாலும் சரி. தட்டச்சு செய்த பிறகு அச்செடுத்து உங்களிடம் வாசித்துக் காட்டி, நீங்கள் சரி என்ற பிறகே பக்கத்தை வெளியிட வேண்டும். நூலகர்களே, இந்தப் படியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கணினி பழகியவர்கள் மட்டும் எழுதுகிற விக்கியில் ஊரில் பாதிப்பேர் இருக்க மாட்டார்கள்.

கல்லூரி மாணவி: விக்கிப்பீடியாவுக்கே நூலகம் உதவ முடியுமா?

முடியும். 2016 முதல் நடக்கும் 'ஒரு நூலகர், ஒரு மேற்கோள்' இயக்கத்தின் வேண்டுகோளே, ஒவ்வொரு நூலகரும் சான்றில்லாத ஒரு கூற்றுக்காவது சான்று சேர்க்க வேண்டும் என்பதுதான். ஒரு மாலைநேரப் பயிற்சியாக உங்கள் நூலகத்திலேயே நடத்தச் சொல்லிக் கேளுங்கள்.

கிளை நூலகர் (மீண்டும்): நான் மாற்றலாகிப் போனால் விக்கி செத்துவிடுமே, மேடம்?

பல விக்கிகள் அப்படித்தான் முடிகின்றன. அதனால் ஆர்வத்தை மட்டும் நம்பாதீர்கள். பணிப்பட்டியலில் எழுதி, குறைந்தது இருவர் பொறுப்பில் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியாகச் சரிபார்த்த தேதி இருக்கட்டும். ஓர் ஆண்டாக யாரும் சரிபார்க்காத உதவிப் பக்கத்தை மறைத்துவிடுங்கள். தவறான முகவரியை நம்பிக் கைக்குழந்தையோடு ஒருவர் அலைவதைவிட அந்தப் பக்கம் இல்லாமலிருப்பதே மேல். இருபது பக்கங்களோடு தொடங்குங்கள். கடவுச்சொற்களை உங்கள் பெயரில் வைக்காமல் நூலகத்தின் பெயரில் வையுங்கள்.