மடிக்கணினி தானாக உறங்காததற்குக் காரணம் தேடும் வழி

வணக்கம் சகோதரரே. 10 நிமிடத்தில் உறங்கும்படி அமைத்தும், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடையில் உங்கள் விண்டோஸ் மடிக்கணினி இரவெல்லாம் விழித்தே கிடக்கிறது. ஸ்லீப் பொத்தானை அழுத்தினால் மட்டும் உடனே உறங்குகிறது என்கிறீர்கள். அந்தக் கடைசித் தகவல்தான் முக்கியம். கணினிக்கு உறங்கத் தெரிகிறது. ஏதோ ஒரு மென்பொருள் அதை உறங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. தயவுசெய்து இதற்காக விண்டோஸை மீண்டும் நிறுவாதீர்கள்.

கட்டளைகளைத் தட்டும் சாளரமான கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையுடன் திறவுங்கள். 'பவர்' என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு (/) போட்டு, 'ரிக்வெஸ்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். வரும் பட்டியலில் 'சிஸ்டம்' என்ற தலைப்பின் கீழே பாருங்கள். 'நன்' (ஒன்றுமில்லை) என்றிருந்தால் அந்தத் தலைப்பில் தடை இல்லை. ஒலி ஓடையைப் பற்றிய வரி இருந்தால், ஏதோ ஒன்று இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. கடையில் மின்னல் எஃப்எம் வானொலி கேட்பதாக எழுதியிருந்தீர்களே, முதலில் அந்த உலாவித் தாவலைத்தான் சந்தேகிப்பேன். ஒலியை அடக்கினால் போதாது. தாவலையே மூட வேண்டும். மூடிவிட்டு அதே கட்டளையை மறுபடி கொடுங்கள், அந்த வரி மறைந்திருக்கும்.

உறங்கிய பின் தானே விழித்தால் அது வேறு சிக்கல். அப்போது 'ரிக்வெஸ்ட்ஸ்' இடத்தில் 'லாஸ்ட்வேக்' என்று கொடுங்கள். பெரும்பாலும் மவுஸ்தான் எழுப்பியிருக்கும். கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மவுஸின் பவர் மேனேஜ்மெண்ட் பக்கத்தில், கணினியை எழுப்பும் அனுமதிக் குறியை எடுத்துவிடுங்கள்.

'சிஸ்டம்' தலைப்பின் கீழ் வேறு பெயர் வந்தால், அந்த வரியை அப்படியே இங்கே எழுதுங்கள். சேர்ந்து பார்ப்போம்.