முதலில் சிகிச்சைக் கோப்பு, பிறகு வழக்கு

கேள்வி: பாலக்கோட்டில் தக்காளி வியாபாரம் செய்த என் கணவருக்கு 16 மாதங்களுக்கு முன் கடும் நெஞ்சுவலி வந்து முதுகுக்கும் பரவியது. தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் மாரடைப்பு என்று சொல்லி, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். மறுநாள் சேலத்தில் எடுத்த சி.டி. ஸ்கேனில்தான் பெருந்தமனி (இதயத்திலிருந்து கிளம்பும் முக்கிய ரத்தக் குழாய்) கிழிந்திருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சைக்கு முன்பே இறந்துவிட்டார். சிகிச்சைக் கோப்பைக் கேட்டால் அலைக்கழிக்கிறார்கள். போலீசுக்குப் போகலாம் என்கிறார் என் அண்ணன். - ஒரு வாசகி

பதில்: சகோதரி, உங்கள் துயரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நோயைத் தவறாகக் கணித்தது மட்டுமே அலட்சியம் ஆகிவிடாது. பெருந்தமனிக் கிழிவு மாரடைப்பைப் போலவே தோன்றும், சிலருக்கு இ.சி.ஜி.யும் அப்படியே காட்டும். ஒரு சராசரி மருத்துவர் பார்த்திருக்க வேண்டியதை இவர் பார்த்தாரா என்பதுதான் வழக்கு.

அதற்கு விடை கோப்பில் இருக்கிறது. வலி முதுகுக்குப் பரவியதை எழுதியிருக்கிறார்களா? இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்த்தார்களா? மார்பு எக்ஸ்ரே எடுத்தார்களா? ஊசி போட்டது எத்தனை மணிக்கு? மாரடைப்பில் உயிர் காக்கும் அதே ஊசி, கிழிந்த தமனியில் ரத்தக்கசிவை மோசமாக்கும். ஊசிக்குப் பிறகும் வலி அடங்கவில்லை என்றால், சேலத்துக்கு அனுப்ப மறுநாள்வரை ஏன் காத்திருந்தார்கள்? உங்கள் தரப்பில் எனக்கு மிக வலுவாகத் தெரிவது இந்தக் கேள்விதான்.

பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன், கோப்பின் நகலைக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. சேலம் ஸ்கேன் அறிக்கையையும் படங்களையும் பத்திரப்படுத்துங்கள்.

போலீஸ் புகார் இப்போது வேண்டாம். மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால்தான் குற்ற வழக்கு நிற்கும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையமே உங்களுக்கு ஏற்ற இடம். வாரிசு என்ற முறையில் நீங்களே மனு போடலாம். மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு ஆண்டுகள். கையில் எட்டு மாதமே இருக்கிறது. கோப்பு வரவில்லை என்பதற்காகக் கெடுவைத் தவறவிடாதீர்கள். ஆணையத்தின் மூலமாகவே அதை வரவழைக்கக் கேட்கலாம்.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. தருமபுரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். இதற்கிடையில் மருத்துவமனையிலிருந்து யாரேனும் சமரசம் பேச வந்தால், வக்கீலிடம் காட்டாமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.