விஎம்களை குபெர்னெட்டீஸ் நோடுகளாக்குவது: கேள்வி பதில்

கேள்வி: 16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப். கியூப்அட்ம் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸ் கிளஸ்டரை அமைக்கும் கருவி) வைத்துப் பழக எத்தனை விஎம் (விர்ச்சுவல் மெஷின்) போடலாம் சார்?

பதில்: ஒரு கன்ட்ரோல் பிளேன் (கிளஸ்டரை நிர்வகிக்கும் நோடு), இரண்டு வொர்க்கர் (வேலைகள் ஓடும் நோடு) போதும். கன்ட்ரோல் பிளேனுக்கு 2 சிபியு கட்டாயம். குறைந்தால் முன்சோதனையிலேயே நின்றுவிடும். ரேம் குறைந்தபட்சம் 2 ஜிபி, ஆனால் 4 கொடுங்கள். வொர்க்கருக்குத் தலா 2 அல்லது 3. டிஸ்க் ஃபைல்கள் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். கிளஸ்டரின் நிலையைச் சேமிக்கும் தரவுத்தளமான எட்சிடி, எழுதுவதெல்லாம் டிஸ்க்கில் பதிந்த பிறகுதான் பதில் சொல்லும். டிஸ்க் இழுத்தால் ஷெட்யூலரும் கன்ட்ரோலர் மேனேஜரும் லீஸை (தலைமைப் பொறுப்புக்கான குறுகிய காலக் குத்தகை) புதுப்பிக்க முடியாமல் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: ஒரு உபுண்டு சர்வரைத் தயார்செய்து மூன்றாகக் குளோன் செய்தேன். மேக் அட்ரஸ் வேறுவேறு, ஆனால் மூன்றுக்கும் ஒரே ஐபி வருகிறதே?

பதில்: மெஷின் ஐடி மூன்றிலும் ஒன்றாக இருக்கிறது. உபுண்டு சர்வரின் நெட்வொர்க்கைக் கவனிக்கும் நெட்வொர்க்டி, ஐபி வழங்கும் டிஹெச்சிபியிடம் மேக்கைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்துவதில்லை. மெஷின் ஐடியிலிருந்து செய்த ஓர் அடையாளத்தை அனுப்புகிறது. டிஹெச்சிபி சர்வருக்கு மூன்றும் ஒரே ஆள்தான்.

குளோன் எடுக்கும் முன்பே டெம்ப்ளேட்டில் எட்சி டைரக்டரியின் மெஷின்-ஐடி ஃபைலைக் காலியாக்குங்கள். அழிக்க வேண்டாம், அளவு பூஜ்யமாக இருந்தால் போதும்; அடுத்த பூட்டில் புதிதாக எழுதிக்கொள்ளும். எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீகளை நீக்கி, கிளவுட்-இனிட் கிளீன் கொடுத்து, ஷட்டவுன் செய்துவிட்டுக் குளோன் எடுங்கள். ஏற்கெனவே எடுத்த குளோன்களில் மெஷின் ஐடியைக் காலிசெய்து ரீபூட் செய்யலாம், ஆனால் கன்சோலில் உட்கார்ந்து செய்யுங்கள். ஒரே ஐபியில் மூன்று இருக்கும்போது எஸ்எஸ்எச் எதற்குள் போகும் என்று சொல்ல முடியாது. ஹோஸ்ட்நேமையும் ப்ராடக்ட் யூயூஐடியையும் சேர்த்துச் சரிபார்த்துவிடுங்கள். நோடுகள் சேரும் முன் இவை தனித்தனியாக இருந்தே ஆக வேண்டும்.

கேள்வி: விர்ச்சுவல்பாக்ஸில் நோடெல்லாம் ரெடி என்றே காட்டுகிறது. வொர்க்கரில் ஓடும் பாடின் (கன்டெய்னர்கள் ஓடும் அலகு) லாக் மட்டும் வரவில்லை.

பதில்: நோடு பட்டியலை வைட் அவுட்புட்டில் பாருங்கள். இன்டர்னல் ஐபி எல்லாவற்றுக்கும் 10.0.2.15 என்று இருக்கும். லாக் கேட்டால் ஏபிஐ சர்வர் அந்த ஐபிக்குத்தான் போகும், அதனால் வொர்க்கரை அடைய முடியாது. முதல் அடாப்டர் நேட் வகையாக இருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் ஒவ்வொரு விஎம்முக்கும் அதே ஐபியைத்தான் தரும்; டிஃபால்ட் ரூட் அதில் இருப்பதால் கியூப்லெட்டும் (ஒவ்வொரு நோடிலும் பாடுகளை ஓட்டும் ஏஜென்ட்) அதையே எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு நோடிலும் கியூப்லெட்டின் நோட்-ஐபியாக ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டரின் ஐபியைக் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பாடுகளின் நெட்வொர்க்குக்கு ஃபிளானல் வைத்திருந்தால் அதற்கும் இன்டர்ஃபேஸ் பெயரைச் சொல்ல வேண்டும்.

கேள்வி: கியூப்அட்ம் இனிட் (கிளஸ்டரைத் தொடங்கும் கமாண்ட்) முடிந்தது. சில நிமிடத்தில் ஏபிஐ சர்வர் விழுந்து எழுந்து விழுகிறது. ஸ்வாப் ஆஃப்தான்.

பதில்: கன்டெய்னர்களை ஓட்டும் கன்டெய்னர்டியின் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து சிஸ்டம்டி சிகுரூப் என்ற வரியைப் பாருங்கள் (சிகுரூப் என்பது சிபியு, ரேமைப் பங்கிடும் லினக்ஸ் வசதி). ஃபால்ஸ் என்று இருந்தால் ட்ரூ ஆக்கி, கன்டெய்னர்டியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கியூப்லெட் சிஸ்டம்டி வழியாகவும் கன்டெய்னர்டி நேரடியாகவும் சிகுரூப்பைக் கையாண்டால் பாடுகள் நிலைக்காது. எல்லா நோடிலும் மாற்றுங்கள், டெம்ப்ளேட்டிலும்.

கேள்வி: முந்தாநாள் ஓடிய ஜாயின் கமாண்ட் (வொர்க்கரைக் கிளஸ்டரில் சேர்ப்பது) இன்று எடுபடவில்லை.

பதில்: அந்தக் கமாண்டில் உள்ள டோக்கனுக்கு டிஃபால்ட்டாக ஆயுள் 24 மணி நேரம். கன்ட்ரோல் பிளேனில் டோக்கன் கிரியேட் கமாண்டை, ஜாயின் கமாண்டை அச்சிடும் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். முழு வரியும் புதிதாக வரும்.