காசநோய்த் தடுப்பு மாத்திரை 12 வாரம் முடித்த பிறகும் இக்ரா (காசநோய்க் கிருமி தொற்றியதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ். மருந்து வேலை செய்யவில்லையா? ரத்தத்தில் மரபணு பார்த்தால் தெரியுமா?

இதே கேள்வி என்னையும் தூங்கவிடாமல் செய்தது. வீடு கடலூர் முதுநகர். வேலை புதுச்சேரியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். மாமனாருக்கு நுரையீரல் டிபி என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரையும் சோதித்தார்கள். எனக்கு எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, இக்ரா பாசிட்டிவ். ஐசோநியாசிடும் ரிஃபாபென்டினும் வாரம் ஒருமுறை என 12 வாரம். ஞாயிறு மதியம் சோறு சாப்பிட்டதும் போடுவேன். சாயங்காலம் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். முடித்த கையோடு சொந்தக் காசில் மறுபடி இக்ரா எடுத்தேன். பாசிட்டிவ். அழுதுவிட்டேன்.

அழ வேண்டியதே இல்லை. இக்ரா கிருமியைத் தேடுவதில்லை. கிருமியின் புரதத்தை ரத்தத்தோடு சேர்த்து, நம் டி செல்கள் (நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள்) அதை அடையாளம் கண்டு இன்டர்பெரான் காமா என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கின்றனவா என்று பார்க்கிறது. கிருமி செத்தாலும் அந்தச் செல்களின் நினைவு பெரும்பாலும் போகாது. அதனால்தான் சிகிச்சை முடிந்தபின் இதை எடுக்கச் சொல்வதில்லை.

மரபணு விஷயத்துக்கு வருகிறேன். மரபணு மாறாது, எது எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் மாறும். அதை, வேலை செய்யும் மரபணுவிலிருந்து செல் எடுக்கும் நகலான ஆர்.என்.ஏ. காட்டும். ரத்தம் எடுத்ததுமே அது சிதையத் தொடங்கும் என்பதால், அப்படியே நிறுத்திவைக்கும் திரவம் உள்ள தனிக் குழாயில்தான் பிடிக்க வேண்டும். 2010இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில், டிபி நோயாக வெளிப்பட்டவர்களின் ரத்தத்தில் இன்டர்பெரானால் தூண்டப்படும் மரபணுக்கள் ஓங்கியிருந்தன. சிகிச்சையில் அது தணிந்தது. நோய் வராமல் தொற்று மட்டும் இருந்த சிலரிடமும் அதே சாயல் தெரிந்தது. நோய்க்கு முன்பே எச்சரிக்கலாம் என்ற நம்பிக்கை அப்படித்தான் வந்தது, எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு.

ஆனால் வைரஸ் காய்ச்சலிலும் இதே மரபணுக்கள்தான் எழும்பும். நம்மூரில் மழைக்காலத்து டெங்கு போதும், குழப்பிவிடும். தென்னாப்பிரிக்காவில் 11 மரபணுக்களை வைத்து ஆபத்தானவர்களைப் பிரித்து, நாம் போட்ட இதே 12 வார மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021இல் வந்த முடிவு, நோய் வருவது குறையவில்லை என்பது. ஆகவே "உங்களுக்கு மருந்து வேலை செய்துவிட்டது" என்று சீட்டில் எழுதித் தரும் மரபணு டெஸ்ட் லேபில் கிடையாது.

12 வேளையும் விடாமல் போட்டீர்களா? அப்படியானால் இக்ராவை மறந்துவிடுங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு என்று ஏதாவது வந்தால் மட்டும் சளிப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேவுக்கும் போங்கள். நான் மாதாமாதம் எடை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.