சில்லறைக் கடைக்காரர்கள் ஒரு பொருளுக்கு எவ்வளவு லாபம் வைப்பார்கள், எப்படிக் கணக்குப் போடுவார்கள்?

அப்பாவின் மளிகைக் கடையை நான் பார்க்க ஆரம்பித்த புதிதில் அடித்த கூத்திலிருந்து சொல்கிறேன். நிறுத்துக் கொடுக்கும் சாமான்களுக்கு அடக்கத்தின் மேல் நூற்றுக்குப் பத்து வைத்து விற்றுக்கொண்டிருந்தோம். பொங்கலுக்குக் கூட்டம் சேரட்டுமே என்று அதற்கெல்லாம் 10% தள்ளுபடி என அட்டை எழுதித் தொங்கவிட்டேன். வைத்த பத்தைத்தானே விடுகிறோம், கைநஷ்டம் வராது என்று நினைப்பு. அட்டையைப் பார்த்த அப்பா ஒன்றுதான் கேட்டார்: "எதுல பத்து?"

100 ரூபாய் சரக்கு 110 ஆகிறது. 110இல் பத்து சதவீதம் 11. ஆக விற்றது 99க்கு. கிலோவுக்குக் கிலோ கையைக் கடித்தது.

கேள்விக்கான பதில் இதற்குள்தான் இருக்கிறது. அடக்க விலையின் மேல் எவ்வளவு ஏற்றுகிறோம் என்பது மார்க்கப். விற்ற பணத்தில் எவ்வளவு நமக்கு என்பது மார்ஜின். 80க்கு வாங்கி 100க்கு விற்றால் கிடைப்பது அதே 20 ரூபாய்தான். ஆனால் மார்க்கப் 25%, மார்ஜின் 20%. விற்பனையில் 20% நிற்க வேண்டுமென்றால் அடக்கத்தை 0.8ஆல் வகுக்க வேண்டும். 20% ஏற்றினால் 96தான் வரும்.

இரண்டில் எதைப் பார்ப்பது? நான் மார்ஜினைத்தான் பார்ப்பேன். மாதம் 3 லட்சத்துக்கு வியாபாரம், வாடகை, கரண்ட், பையன் சம்பளம் எல்லாம் சேர்த்து 24,000 என்று வையுங்கள். பத்து வைத்து விற்கிறோம், 30,000 வரும், 6,000 மிஞ்சும் என்று தோன்றும். உண்மையில் 10% மார்க்கப் என்பது 9.09% மார்ஜின். வருவது 27,273. மிஞ்சுவது 3,273.

அடுத்தது அடக்கம். பில்லில் இருக்கும் விலையை அடக்கம் என்று எடுத்துக்கொண்டால் போச்சு. 50 கிலோ பருப்பு மூட்டை 5,000 ரூபாய். வண்டி வாடகை, இறக்குகூலி 100. புடைத்து, தூசி தள்ளி, நிறுக்கும்போது சிந்தியதெல்லாம் போக 49 கிலோதான் விற்கக் கிடைக்கும். அப்போது கிலோ அடக்கம் 100 இல்லை, 104.08. அதை 115க்கு விற்றால் மார்ஜின் 9.5%தான். கடைக்காரர் 15 ரூபாய் அடிக்கிறார் என்று வாடிக்கையாளருக்குத் தோன்றும். எங்களுக்கே சில மாதம் அப்படித்தான் தோன்றும்.

பாக்கெட் சாமானில் கணக்கு தலைகீழ். எம்.ஆர்.பி. அச்சிட்டே வந்துவிடும், வரியும் அதற்குள் அடக்கம், அதற்கு மேல் வாங்கக் கூடாது. விற்கிற விலை கையில் இல்லாததால் வாங்குகிற விலையில்தான் லாபம் பார்க்க முடியும். 10 ரூபாய் பாக்கெட்டை 9க்கு வாங்கினால் மார்ஜின் 10%. 12 வாங்கினால் 1 இலவசம் என்று ஸ்கீம் வந்தால், 108 ரூபாய்க்கு 13 பாக்கெட், விற்றால் 130. மார்ஜின் கிட்டத்தட்ட 17%. மாதக் கடைசியில் சேல்ஸ்மேனை டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பது இதற்காகத்தான்.

கம்பெனிக்காரர் "உங்களுக்குப் பத்து பர்சன்ட்" என்றாலும் அப்பா கேட்ட கேள்வியையே கேளுங்கள். பெரும்பாலும் அது நாம் வாங்கும் விலையின் மேல்தான். மருந்துக் கடையிலும் அப்படித்தான்: 2013ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உச்சவரம்பு விலையை நிர்ணயிக்கும்போது கடைக்காரருக்கு ஒதுக்கும் 16%, அவர் வாங்கும் விலையின் மேல் கணக்கிடுவது. விற்பனையில் பார்த்தால் கிட்டத்தட்ட 13.8%.

சதவீதம் அதிகமாக இருக்கும் பொருளே நல்ல பொருள் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. பால் பாக்கெட்டில் நிற்பது சொற்பம், ஆனால் விடிகாலை போட்ட காசு பத்து மணிக்குள் கல்லாவுக்குத் திரும்பிவிடும். ஊதுபத்தி ஸ்டாண்டில் நூற்றுக்கு நாற்பது நிற்கிறது. போன ஆடிக்கு வாங்கியதில் மூன்று இன்னும் அலமாரியில் இருக்கிறது.